செனட்டரைத் தடவிச் சோதிக்கலாமா? விமான நிலையப் பாதுகாப்பும் மக்கள் பிரதிநிதிகளின் சிறப்புரிமையும்

2012 ஜனவரி 23 அன்று காலை, கென்டக்கி மாநிலத்தின் அமெரிக்க செனட்டர் ரேண்ட் பால், வாஷிங்டன் செல்வதற்காக டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் விமான நிலையத்துக்கு வந்தார். அவர் வசிக்கும் பௌலிங் கிரீன் நகருக்கு அருகில் உள்ள பெரிய விமான நிலையம் அதுதான். உடல் ஸ்கேனருக்குள் நின்று வெளியே வந்தபோது, அவருடைய காலில் ஏதோ இருப்பதாகக் கருவி காட்டியது. தம் காலைக் காட்டுவதற்கும் மறுபடி ஸ்கேனருக்குள் செல்வதற்கும் தயாராக இருந்த அவர், ஊழியர் கைகளால் உடலைத் தடவிச் சோதிப்பதற்கு மட்டும் உடன்பட மறுத்தார். ஒரு சிறு தடுப்பறையில் காத்திருக்க நேர்ந்தது. பிறகு உள்ளூர்க் காவலர்கள் அவரைச் சோதனைப் பகுதிக்கு வெளியே அழைத்துச் சென்றனர். விமானம் புறப்பட்டுவிட்டது, தலைநகரில் அவர் பேசவிருந்த பேரணியும் தவறிப்போனது.

தம்மைத் தடுத்துவைத்தார்கள் என்று செனட்டர் சொன்னார். அவர் எந்த நேரத்திலும் தடுத்துவைக்கப்படவில்லை என்று, டி.எஸ்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சொன்னது. விடுமுறைக்குப் பின் செனட் கூடும் நாளும் அதுவே என்பதால் அன்றே ஒரு கேள்வி எழுந்தது. அவைக்குச் செல்லும் வழியில் உறுப்பினரைக் கைது செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டமே சொல்லும்போது, டி.எஸ்.ஏ. அதை மீறிவிட்டதா?

இல்லை என்பதே என் முடிவு. ஆனால் அந்த விடைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. முழுக் காரணத்தைக் காண, ‘சிறப்புரிமை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கும் மூன்று வெவ்வேறு சங்கதிகளைப் பிரித்தெடுக்க வேண்டும்: கைதிலிருந்து விலக்கு, சோதனையிலிருந்து விலக்கு, பதவிக்கான மரியாதை.

1. அரசமைப்புச் சட்டத்தின் சொற்கள்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, ஆறாம் பிரிவு இதைப் பேசுகிறது. தேசத்துரோகம், பெருங்குற்றம், பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்தல் ஆகியவை நீங்கலாக மற்றெல்லா விவகாரங்களிலும், தத்தம் அவையின் கூட்டத்தொடரில் இருக்கும்போதும், அதற்குச் செல்லும்போதும், அதிலிருந்து திரும்பும்போதும் உறுப்பினர்களுக்குக் கைதிலிருந்து விலக்கு உண்டு என்பது அதன் சாரம். அடுத்த தொடரிலேயே, அவையில் பேசிய பேச்சுக்காக வேறெங்கும் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது என்ற மற்றொரு பாதுகாப்பும் வருகிறது. இவ்விரண்டும் பலரால் குழப்பப்படுகின்றன. விமான நிலையத்தில் எழுவது முதலாவது மட்டுமே.

அந்த வாசகத்தில் இருக்கும் சொல் ‘கைது’. ‘சோதனை’ என்ற சொல் அதில் இல்லை, ‘தாமதம்’ என்ற சொல்லும் இல்லை.

2. கடன்காரர்களிடமிருந்து வந்த பாதுகாப்பு

இன்று படிக்கும்போது, மக்கள் பிரதிநிதியைக் காவல்துறை தொடக் கூடாது என்பதுபோல் ஒலிக்கும் இந்த வாசகம் பிறந்த உலகம் வேறு. இங்கிலாந்தில் கடனைத் திருப்பித் தராதவரைக் கடன் கொடுத்தவர் கைது செய்வித்துச் சிறையில் அடைக்கலாம். அரசு அதில் வழக்காடும் தரப்பே அல்ல. ஆகவே ஒரு நாடாளுமன்ற உறுப்பினரை வாக்கெடுப்பு நாளில் அவையிலிருந்து அகற்ற விரும்பும் எவருக்கும், அவர்மீது ஒரு கடன் வழக்கு போதுமானதாக இருந்தது.

1604இல் சர் தாமஸ் ஷெர்லி என்ற உறுப்பினர் இப்படிக் கடனுக்காக லண்டன் ஃப்ளீட் சிறையில் அடைக்கப்பட்டபோது மக்களவை கொதித்தெழுந்தது. அவரை விடுவிக்க மறுத்த சிறை அதிகாரியை லண்டன் கோபுரத்தில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத ‘லிட்டில் ஈஸ்’ என்னும் குறுகிய அறையில் அடைக்க உத்தரவிட்டது. கைதிலிருந்து விலக்கு என்ற உரிமை அதன்பின் சட்டமாகவே எழுதப்பட்டது. அதன் நோக்கம் ஷெர்லியின் கடனைத் தள்ளுபடி செய்வதோ அவருடைய கௌரவத்தைக் காப்பதோ அன்று. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் இருக்கை அவையில் காலியாகிவிடக் கூடாது என்பதே. அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசமைப்பை எழுதியபோது இந்த ஆங்கில மரபை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டனர்.

3. நீதிமன்றம் சுருக்கிய வட்டம்

இந்த வாசகத்தின் எல்லையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் வரைந்தது.

(அ) 1908, வில்லியம்சன் வழக்கு. ஆரிகன் மாநிலத்தின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் வில்லியம்சன், அரசு நில மோசடி வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டபோது, தமக்குச் சிறைத்தண்டனை விதித்தால் அவைக் கூட்டத்துக்குச் செல்ல முடியாது என்று வாதிட்டார். நீதிமன்றம் இங்கிலாந்து வரலாற்றை நீளமாக அலசிவிட்டு, ‘தேசத்துரோகம், பெருங்குற்றம், அமைதிக்குப் பங்கம்’ என்ற மூன்று சொற்களும் சேர்ந்து எல்லாக் குற்றங்களையும் குறிக்கின்றன என்று சொன்னது. வேறு காரணத்துக்காக அவருடைய தண்டனை ரத்தானது உண்மை. ஆனால் சிறப்புரிமை வாதம் அங்கேயே முடிந்தது. அதாவது, குற்றவியல் கைது எதற்கும் இந்த விலக்கு பொருந்தாது.

(ஆ) 1934, லாங் எதிர் ஆன்செல். லூசியானா மாநிலத்தின் புகழ்பெற்ற செனட்டர் ஹியூயி லாங்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டு, தலைநகரில் அவரிடம் அழைப்பாணை கொடுக்கப்பட்டது. அழைப்பாணையும் ஒருவகைக் கைதே என்பது அவர் வாதம். நீதிபதி பிராண்டைஸ் அதை ஏற்கவில்லை. கைது என்றால் ஆளைப் பிடிப்பது, காகிதம் கொடுப்பது கைதாகாது. இந்த வாசகம் எழுதப்பட்ட காலத்தில் சிவில் வழக்குகளில் ஆளைப் பிடிப்பது வழக்கத்தில் இருந்தது, அதற்காகவே இது எழுதப்பட்டது என்று விளக்கினார்.

இரண்டையும் சேர்த்தால் எஞ்சுவது சிவில் கைது ஒன்றுதான். கடனுக்குச் சிறை என்பதோ அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழிந்துவிட்டது. பூட்டு பத்திரமாக இருக்கிறது, அது காத்த வீடு இடிந்துபோயிற்று.

“சிறப்புரிமை செத்துப்போன சட்டம், எனவே செனட்டருக்கு வாதமே இல்லை” என்று பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பாதி விடை என்று நான் சொன்னது இதைத்தான். நாஷ்வில்லில் ரேண்ட் பால்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. குற்றவியல் கைதுக்கு விலக்கு கிடையாது என்று வில்லியம்சன் தீர்ப்பு சொல்வது, குற்றமே சாட்டப்படாத ஒருவரை அரசு ஊழியர் நிறுத்திவைத்தால் என்ன என்ற கேள்விக்கு நேரடி விடையாகாது. அதற்கு, சோதனைச் சாவடியில் சட்டப்படி நடப்பது என்ன என்று பார்த்தாக வேண்டும்.

4. சோதனைச் சாவடியின் சட்ட வடிவம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அதே ஆண்டு நவம்பர் 19இல் கையெழுத்தான சட்டம் டி.எஸ்.ஏ.வை உருவாக்கியது. விமானத்தில் ஏறும் பயணிகள் அனைவரையும் அவர்களுடைய உடைமைகளையும் சோதிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் அதை இயற்றியபோது தங்களுக்கென ஒரு விலக்கை அதில் எழுதிக்கொள்ளவில்லை.

பிடியாணை இல்லாமல், சந்தேகமும் இல்லாமல் ஒருவரைச் சோதிப்பது எப்படிச் செல்லும்? நியாயமற்ற சோதனைக்கும் பிடித்துவைத்தலுக்கும் எதிராக அரசமைப்பின் நான்காவது திருத்தம் எல்லாருக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் நோக்கமின்றி, பொது ஆபத்தைத் தடுக்கும் பொதுத் திட்டத்தின் பகுதியாக எல்லாரையும் ஒரே முறையில் சோதிப்பதை ‘நிர்வாகச் சோதனை’ என்று நீதிமன்றங்கள் தனியாக வகைப்படுத்துகின்றன. 1970களின் தொடக்கத்தில், விமானக் கடத்தல்கள் பெருகியிருந்த காலத்தில் வந்த தீர்ப்புகளிலிருந்து இந்தக் கோட்பாடு வளர்ந்தது. தேவைக்கு மேல் ஊடுருவாமல் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை.

அன்று, பறக்க விரும்பாதவர் சோதனையைத் தவிர்த்துத் திரும்பிப் போகலாம் என்பதும் இந்தக் கோட்பாட்டின் ஒரு தூணாக இருந்தது. அந்தத் தூண் பிறகு அசைந்தது. 2007இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹொனலுலு விமான நிலைய வழக்கொன்றில், உலோகம் கண்டறியும் வாயிலைக் கடந்தபின் அல்லது பையை நகரும் பட்டையில் வைத்தபின் “நான் பறக்கவில்லை, போகிறேன்” என்று சொல்லிச் சோதனையிலிருந்து விலக முடியாது என்று தீர்ப்பளித்தது. பாதியில் விலகலாம் என்றால், வெடிபொருளோடு வருபவர் அகப்படும் தறுவாயில் திரும்பிச் சென்று இன்னொரு நாள் முயல்வார் என்பது அதன் தர்க்கம். நாஷ்வில் ஆறாம் வட்டாரத்தில் இருப்பதால் அந்தத் தீர்ப்பு அங்குக் கட்டுப்படுத்தாது. ஆனால் டி.எஸ்.ஏ. நாடு முழுவதும் அந்தத் தர்க்கத்தின்படியே நடக்கிறது. சோதனையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் வெளியேறுபவருக்கு அக்காலத்தில் 11,000 டாலர் வரை அபராதம் விதிக்க முடிந்தது.

ஸ்கேனரைப் பொறுத்தவரை, நாஷ்வில் சம்பவத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன், 2011 ஜூலையில், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடல் ஸ்கேனர்கள் நான்காவது திருத்தத்தை மீறவில்லை என்று கூறியிருந்தது. ஸ்கேனர் வேண்டாதவர் அதற்குப் பதிலாகத் தடவிச் சோதிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதும் அதன் கணக்கில் இருந்தது. முறைப்படி பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்ததற்காக டி.எஸ்.ஏ.வை அதே தீர்ப்பு கண்டித்தது.

கடைசியாக ஒன்று. இது பலருக்குத் தெரிவதில்லை: சோதனைச் சாவடியில் நீலச் சட்டை அணிந்து நிற்கும் டி.எஸ்.ஏ. ஊழியர் காவலர் அல்லர். அவருக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் விட மறுப்பதே அவர் கையிலுள்ள கருவி. அதற்கு மேல் தேவைப்பட்டால் உள்ளூர்க் காவல்துறையைத்தான் அழைக்க வேண்டும்.

5. நாஷ்வில் நிகழ்வை அடுக்கிப் பார்த்தால்

இப்போது அந்தக் காலை நேரத்தைத் துண்டுதுண்டாக எடுத்துக்கொள்ளலாம்.

1. ஸ்கேனருக்குள் நிற்கச் சொன்னது சோதனை. கைதிலிருந்து விலக்கு என்ற வாசகம் அதைத் தொடவில்லை.

2. தடவிச் சோதிக்க வேண்டும் என்றதும் சோதனையே. அது அத்துமீறியது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்துக்கு இடம் தருவது எல்லாருக்கும் பொதுவான நான்காவது திருத்தம்தான்.

3. உள்ளே விட மறுத்தது கைதாகாது. கைது ஒருவரை ஓரிடத்தில் பிடித்துவைக்கிறது. இங்கே அதற்கு நேர்மாறாக ஓரிடத்துக்குள் நுழைய விடவில்லை, அவ்வளவே. நாஷ்வில்லிலிருந்து வாஷிங்டனுக்குச் சாலை வழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் என்பதால், வேறு வழியில் போங்கள் என்பது நடைமுறையில் போகாதீர்கள் என்பதற்குச் சமம் என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது, ஆனால் வாசகம் காப்பது பயணிக்கும் உடலை. விரைவான வாகனத்தை அன்று.

4. சிறு தடுப்பறையில் காத்திருந்த நேரம். சிக்கலான கட்டம் இது ஒன்றுதான். “எழுந்து போகலாமா” என்று கேட்டவருக்குக் “கூடாது” என்று அரசு ஊழியர் சொல்லியிருந்தால், டி.எஸ்.ஏ. எந்தப் பெயரிட்டாலும் அது நான்காவது திருத்தத்தின்படி பிடித்துவைத்தல்தான். 1968இன் டெர்ரி தீர்ப்பிலிருந்து, முழுக் கைதுக்குக் கீழே ‘தற்காலிக நிறுத்தம்’ என்ற இடைநிலையை அமெரிக்கச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆறாம் பிரிவில் சொல்லப்படும் கைது இந்த இடைநிலையையும் உள்ளடக்குமா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. ஹியூயி லாங் வழக்கின் போக்கைப் பார்த்தால் உள்ளடக்காது என்றே நான் கருதுகிறேன்: கைது என்ற சொல்லை விரிக்கக் கேட்டவரிடம் நீதிமன்றம் அன்று அதைச் சுருக்கிக் கொடுத்தது.

5. காவலர்கள் வெளியே அழைத்துச் சென்றது. அதன் முடிவில் அவர் சுதந்திரமாக நின்றார். பின்னர் மறுபடி சோதனைக்குச் சென்றார், கருவி ஒலிக்கவில்லை, அடுத்த விமானத்தில் ஏறினார்.

செனட்டர் யாரையாவது தள்ளிவிட்டிருந்தால் கணக்கே மாறியிருக்கும். சோதனை ஊழியரைத் தாக்கிப் பணிக்கு இடையூறு செய்வது பத்தாண்டுவரை சிறைக்குரிய பெருங்குற்றம். எந்தச் சிறப்புரிமையும் அங்கு உதவாது. அவர் மறுத்தார், கை ஓங்கவில்லை.

6. இதே வரிசையில் நின்ற மற்றவர்கள்

2002 ஜனவரியில், பிரதிநிதிகள் சபையின் மிக மூத்த உறுப்பினரான ஜான் டிங்கெல், இடுப்பில் பொருத்தப்பட்டிருந்த எஃகு மூட்டால் கருவி ஒலிக்க, தலைநகரின் ரீகன் விமான நிலையத்தில் ஓர் அறைக்குள் அழைத்துச் செல்லப்பட்டுக் கால்சட்டையைக் களைய நேர்ந்தது. 2004 ஆகஸ்டில் செனட்டர் எட்வர்ட் கென்னடி, பயணத் தடைப் பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு தம் பெயர் ஒத்துப்போனதால் விமான நிலையங்களில் மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டதாக செனட் விசாரணையிலேயே சொன்னார். அதைச் சரிசெய்ய அவருக்கே வாரக்கணக்கில் ஆயிற்று என்றால், அதே பெயருள்ள ஒரு சாதாரணக் குடிமகன் என்ன செய்வான் என்ற கேள்விதான் அந்த விசாரணையில் எடுபட்டது.

இவர்களைவிடக் கடினமான நிலை அலாஸ்கா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஷாரன் சிஸ்னாவுடையது. மார்பகப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்கு ஆளான அவர், 2011 பிப்ரவரியில் சியாட்டிலில், ஸ்கேனர் படத்துக்குப் பின் தடவிச் சோதிக்க உடன்பட மறுத்தார். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியுலகிலிருந்து சாலை கிடையாது. வானில் போக வேண்டும், இல்லையேல் கடலில் போக வேண்டும். அவர் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தார். அலாஸ்கா அரசமைப்பிலும் கைது விலக்கு உண்டு. ஆனால் அது மாநிலத்தின் சட்டம். சோதிப்பது மத்திய அரசின் நிறுவனம். மாநில உறுப்பினரின் சிறப்புரிமை மத்தியக் குற்றவியல் வழக்கில் தடையாகாது என்று 1980இல் கில்லாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, அவருடைய கை செனட்டரின் கையைவிடவும் வெறுமையானது என்று புரிந்துகொள்ளலாம்.

7. மரியாதைப் பட்டியல் என்பது வேறு

அப்படியானால் சில தலைவர்கள் வரிசையில் நிற்காமலே போகிறார்களே? 2010 நவம்பரில், பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக விரைவில் பொறுப்பேற்கவிருந்த ஜான் பெய்னர் அப்படிச் சென்றது செய்தியானது. அரசு நியமித்த ஆயுதக் காவலர்களுடன் வருவோருக்கு டி.எஸ்.ஏ. தரும் நடைமுறைச் சலுகை அது. அரசமைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிர்வாகம் நினைத்தால் நாளையே மாற்றலாம். நாடாளுமன்றக் கட்டடத்தின் உலோகம் கண்டறியும் வாயில்களில் உறுப்பினர்கள் நீண்டகாலம் நுழையாமல் போனதும் இப்படிப்பட்ட வழக்கமே. 2021 ஜனவரி 6 கலவரத்துக்குப் பின் சபை மண்டபத்தின் வாசலிலேயே வாயில்கள் வைக்கப்பட்டு, தவிர்த்தவர்களுக்கு முதல் முறை 5,000 டாலர், அடுத்த முறை 10,000 டாலர் என்று சபையே அபராதமும் விதித்தது. 2023 ஜனவரியில் புதிய பெரும்பான்மை வந்ததும் அவை அகற்றப்பட்டன.

இந்தியாவில் நமக்குப் பழக்கமான ‘வி.ஐ.பி. விலக்கு’ இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், முன்னாள் குடியரசுத் தலைவர்கள், ஆளுநர்கள், முதலமைச்சர்கள் எனச் சிலரைச் சோதனையிலிருந்து விலக்கும் பட்டியலை சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் வைத்திருக்கிறது. சாதாரண நாடாளுமன்ற உறுப்பினர் அதில் இல்லை. பட்டியலின் சட்ட வலிமை எவ்வளவு என்பது 2009 ஏப்ரலில் தில்லியில் தெரிந்தது. நியூயார்க் பகுதிக்குச் செல்லும் அமெரிக்க விமானத்தில் ஏறவிருந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாமை, அவர் பெயர் பட்டியலில் இருந்தபோதும், கான்டினென்டல் விமான நிறுவன ஊழியர்கள் சோதித்தனர். டி.எஸ்.ஏ. விதிகளில் யாருக்கும் விலக்கு இல்லை என்பது அந்நிறுவனம் முதலில் சொன்ன காரணம். நாடாளுமன்றத்தில் விவகாரம் வெடித்தபின் மன்னிப்புக் கேட்டது. கலாம் எந்த முணுமுணுப்பும் இன்றி ஒத்துழைத்திருந்தார்.

கைது விலக்கைப் பொறுத்தவரை இந்தியச் சட்டமும் அதே ஆங்கிலப் பாதையில் வந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 135ஏ பிரிவின்படி, கூட்டத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் 40 நாட்களுக்கும் உறுப்பினரை சிவில் நடவடிக்கையில் கைது செய்யக் கூடாது. குற்றவியல் கைதுக்கும் தடுப்புக் காவலுக்கும் அது பொருந்தாது. இதை உச்ச நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்தவர்களில் இருவர் தமிழகத்தின் பொதுவுடைமை இயக்க உறுப்பினர்கள்: திருச்சியின் கே. ஆனந்த நம்பியார், புதுக்கோட்டையின் ஆர். உமாநாத். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர்கள், மக்களவைக் கூட்டத்துக்குச் செல்லும் உரிமையைக் கோரினார்கள். சட்டப்படி தடுத்துவைக்கப்பட்ட உறுப்பினர் இவ்விஷயத்தில் மற்றக் குடிமக்களைவிட உயர்ந்த நிலையில் இல்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

8. செனட்டர் பிறகு எடுத்த வழி

ரேண்ட் பால் சிறப்புரிமையைக் காட்டி நீதிமன்றப் படியேறவில்லை. 2012 ஜூனில் இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று, சோதனைப் பணியை டி.எஸ்.ஏ.விடமிருந்து எடுத்துத் தனியாரிடம் கொடுப்பது. மற்றொன்று விமானப் பயணிகளின் உரிமைப் பட்டியல். கருவி ஒலித்தால், தடவிச் சோதிக்கும் முன் ஒருமுறை மறுபடி கருவிக்குள் செல்லக் கேட்கும் உரிமை அதில் இருந்தது. நாஷ்வில்லில் அவர் தமக்குக் கேட்டு மறுக்கப்பட்ட அதே வாய்ப்புதான்; ஆனால் மசோதாவில் அது பயணிகள் எல்லாருக்கும் உரியதாக எழுதப்பட்டிருந்தது. இரண்டு மசோதாக்களும் நிறைவேறவில்லை.